தொண்டு அமைப்புகளின் கணக்குகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்: பதிவுபெற்ற தொண்டு அமைப்பு ஒன்றின் பொதுக்குழு உறுப்பினர்

பெறுநர்: உயர்திரு சங்கங்களின் பதிவாளர் அவர்கள்

பொருள்: தொண்டு அமைப்புகளின் ஆண்டுக் கணக்கை இணையத்தில் வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பதிவுபெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைத் தங்கள் அலுவலகத்தில் தாக்கல் செய்கின்றன. அத்தோடு அது கோப்புக்குள் போய்விடுகிறது. பணம் கொடுத்தவர்கள் அதை எளிதில் பார்க்க வழியில்லை.

தணிக்கையாளர் கையெழுத்து இருந்தால் எல்லாம் சரி என்று பலரும் நினைக்கிறார்கள். வவுச்சரும் தொகையும் ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் தணிக்கை முக்கியமாகப் பார்க்கிறது. அந்தச் செலவைச் செய்திருக்கலாமா என்ற கேள்வி அதில் அநேகமாக எழுவதில்லை. நான் உறுப்பினராக உள்ள அமைப்பில், மாணவர் உதவித்தொகைக்கென்று வந்த நன்கொடையைக் கட்டட வேலைக்குத் திருப்பினார்கள். "அடுத்த நன்கொடை வந்ததும் திரும்ப வைத்துவிடலாம்" என்றார்கள். ஒப்பந்தம் போனது செயற்குழு உறுப்பினர் ஒருவரின் மைத்துனருக்கு. வேறு யாரிடமும் விலைப்புள்ளி வாங்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் இருப்பது ஒரே வரி: "பணி ஏகமனதாக ஒப்படைக்கப்பட்டது." பில் இருக்கிறது, ரசீது இருக்கிறது, கூட்டலில் பிழையில்லை. உதவித்தொகைக்குக் காத்திருந்த பிள்ளைகளுக்குத்தான் கட்டணம் கட்டப் பணமில்லை.

யாரும் திருடினார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்க ஆளில்லாதபோது நல்லவர்களும் இப்படி முடிவெடுத்துவிடுகிறார்கள். அவசரத்துக்கு உதவும் என்று வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கும் வழக்கமும் அப்படி வந்ததுதான்.

அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் வரித்துறையிடம் தாக்கல் செய்யும் 990 என்ற ஆண்டறிக்கைப் படிவத்தைப் பொதுமக்கள் கேட்டுப் பார்க்கலாம். 2008-இல் மாற்றியமைக்கப்பட்ட அந்தப் படிவம், நிர்வாகிகளின் சொந்த நலன் குறுக்கிட்டால் என்ன செய்வது என்று எழுதிவைத்த விதி உண்டா என்றும் கேட்கிறது.

ஆகவே, தாக்கலாகும் கணக்கைத் தங்கள் துறையின் இணையதளத்தில் வெளியிட உத்தரவிட வேண்டுகிறேன். குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்த நிதியைத் தனியாகக் காட்ட வேண்டும். நோக்கத்தை மாற்றினால் யார் அனுமதித்தார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். நிர்வாகிக்கோ அவர் குடும்பத்தாருக்கோ பணம் போகும் முடிவென்றால், அவர் அதை முன்பே எழுத்தில் தெரிவித்து விவாதத்திலிருந்து விலகியது தீர்மானப் புத்தகத்தில் பதிவாக வேண்டும். சிறிய அமைப்புகளுக்கு இது சுமை என்பார்கள். அவர்களுக்கு ஒரு பக்கப் படிவம் போதும். பயனாளிகளின் பெயர் மட்டும் எக்காரணம் கொண்டும் வெளியாகக் கூடாது. அப்புறம், கேள்வி கேட்ட ஊழியரையும் உறுப்பினரையும் நீக்கிவிடும் போக்கு இருப்பதால், புகார்களைத் தங்கள் அலுவலகமே நேரடியாகப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும்.

வரும் நிதியாண்டின் தாக்கலிலிருந்தே இதைத் தொடங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பொதுக்குழு உறுப்பினர்