சுமையை இறக்கி வைக்க ஒரு கல்

பசுமலை, மதுரை
ஞாயிறு மாலை

என் பிரியமான தோழிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. முதல் இரண்டு பக்கம் அச்சடித்த மாதிரி இருந்த உன் கையெழுத்து மூன்றாவது பக்கத்தில் சாய ஆரம்பித்து, நாலாவது பக்கத்தில் கோட்டை விட்டே இறங்கிவிட்டது. ஹாஸ்டலில் பரீட்சைக்கு முந்தின ராத்திரி நீ எழுதும் நோட்டும் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்ததுமே நீ எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று தெரிந்துவிட்டது. உடனே போன் போட்டேன். உன் வீட்டுக்காரர்தான் எடுத்தார். "இப்பத்தான் கண் அசந்தா" என்றார். எழுப்ப வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுதினால் நீ திரும்பத் திரும்பப் படிப்பாய், அதுவும் நல்லதுதான்.

இங்கே எல்லாரும் சுகம். மருமகளுக்கு மாற்றல் கிடைத்து இங்கேயே வந்துவிட்டாள். பேத்திக்கு முன்பல் விழுந்து, "ஸ"வெல்லாம் "த"வாகிவிட்டது. கொல்லையில் நீ வைத்துவிட்டுப் போன மல்லிகைப் பதியன் இந்த வருஷம்தான் நன்றாகப் பூத்தது. மற்றதெல்லாம் நேரில்.

நீ எழுதிய ஒரு வரியை ஐந்தாறு முறை படித்தேன். மனசுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டாய் என்கிறாய். ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி, மாத்திரை விழுங்குகிறவளுக்கு விசுவாசம் எங்கே இருக்கிறது என்று கேட்டாளாம். எனக்கு அழுகை வந்தது, அப்புறம் கோபம் வந்தது. உன்மேல் துளியும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் இருந்திருப்பார்கள். அவர்களிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் கதையை நான் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் தவறிப்போன மறு வருஷம் அது. பள்ளிக்கூடத்தில் பொறுப்புத் தலைமையாசிரியை வேலையையும் என் தலையில் வைத்தார்கள். ராத்திரி இரண்டரை மணிக்குச் சரியாக விழிப்பு வரும். திருப்பரங்குன்றம் பக்கம் கூட்ஸ் வண்டி போகும் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை கேட்டுக்கொண்டே கிடப்பேன். நெஞ்சு படபடவென்று அடிக்கும். என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு குறளின் முதல் அடியை எழுதினேன், இரண்டாம் அடி வரவில்லை. 26 வருஷம் நடத்தின குறள். சாக்பீஸைப் பிடித்தபடி கரும்பலகையைப் பார்த்து நின்றேன். முதல் பெஞ்சில் இருந்த ஒரு பிள்ளை, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் அடுத்த அடியைச் சொன்னாள். எழுதி முடித்துவிட்டுத் திரும்பியபோது வகுப்பே அமைதியாக இருந்தது. அந்தப் பிள்ளைகளின் இரக்கத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அப்போது நானும் உன்னைப் போலத்தான் யோசித்தேன். இன்னும் அதிகமாக ஜெபிக்க வேண்டும், உபவாசம் இருக்க வேண்டும் என்று. முழங்கால் போட்டால் வார்த்தை வராது. வராததற்காக இன்னும் பயம் வரும். கடைசியில் மகன்தான் பிடிவாதமாக ஒரு மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனான். அவர் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீங்க?" என்றார். நான் வரிசையாகச் சொன்னேன். காலை ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி, காணிக்கை எண்ணுவது, மத்தியானம் பெண்கள் ஐக்கிய சங்கம், அறுப்பின் பண்டிகை நெருங்கினால் வீடு வீடாகப் போவது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ உங்களுக்கு லீவே கிடையாதா?" என்று கேட்டார். நெற்றியில் திருநீறு வைத்த அந்த அம்மாதான் ஓய்வுநாளை ஆசரிக்கச் சொல்லும் நான்காம் கட்டளையை எனக்கு ஞாபகப்படுத்தினார். ஓய்வுநாள் பள்ளி என்று பேர் வைத்துக்கொண்டு அதிலேயே ஓய்வில்லாமல் ஓடியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் வேதத்தை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். ஆதியாகமத்தில், "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்று ஒவ்வொரு நாளும் முடிகிறதே, கவனித்திருக்கிறாயா? யூதர்களுக்கு நாள் சாயங்காலத்தில்தான் தொடங்குகிறது. முதலில் தூக்கம், அப்புறம்தான் வேலை. மனுஷன் ஆறாம் நாளில் உண்டானான், அவன் முழுசாகக் கண்ட முதல் நாளே ஓய்வுநாள். உழைத்துச் சம்பாதித்த பிறகு கிடைக்கும் கூலியாக ஓய்வை நினைத்திருந்தேன். அங்கே அது எதுவும் செய்வதற்கு முன்னாலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. சங்கீதம் 127லும், கர்த்தர் தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்றுதான் இருக்கிறது. விழித்துக்கிடந்து தன்னை நிரூபித்துக் காட்டச் சொல்லவில்லை.

அப்புறம் எலியா தீர்க்கதரிசி. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை இன்றைக்கு ராத்திரி எடுத்துப் படி. கர்மேல் மலையில் ஜெபித்து வானத்திலிருந்து அக்கினியை இறக்கின அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தவன், யேசபேல் ராணி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாள் என்று உயிருக்குப் பயந்து ஓடுகிறான். கூட இருந்த வேலைக்காரனையும் விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குப் போகிறான். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். நீ உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பதும் அதேதான். அவனைக் கடவுள் திட்டவில்லை. உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. தூங்க விட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பிச் சொன்னது, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்பதுதான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டான், மறுபடியும் படுத்துக்கொண்டான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்லும்போது தூதன் காரணமும் சொல்கிறான்: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." அந்த அமர்ந்த மெல்லிய சத்தமெல்லாம் அதற்குப் பிறகு, 40 நாள் கழித்துத்தான் வருகிறது. கடைசியில் துணைக்கு எலிசா என்ற சீஷனையும் கொடுக்கிறார். தூக்கம், சாப்பாடு, தண்ணீர், துணைக்கு ஓர் ஆள். உனக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையும் அந்த அடைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியதுதான் என்று நான் மனதார நம்புகிறேன்.

ஒரு தமிழ் டீச்சராக இன்னொன்றும் சொல்ல வேண்டும். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்" என்று இயேசு சொன்ன வசனத்தில் வருகிற "இளைப்பாறுதல்" என்ற சொல்லை எடுத்துக்கொள். இளைப்பு, அது ஆறுதல். புண் ஆறும், சூடு ஆறும், கோபம் ஆறும். நாம் பிடித்துத் தள்ளி எதையும் ஆற்ற முடியாது. புண்ணைக் கிளறாமல் விட்டால் அதுவே ஆறும். இந்த மாத்திரைகளும் அப்படித்தான், வேலை செய்ய சில வாரம் எடுக்கும். எனக்கு நாலாவது வாரத்தில்தான் ராத்திரி ஒரே மூச்சில் ஐந்து மணி நேரத் தூக்கம் வந்தது. காலையில் எழுந்து கூட்ஸ் வண்டிச் சத்தம் கேட்கவில்லையே என்று அதிசயமாக இருந்தது. நீயாகச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும்தான் கூடும். குறைப்பதானாலும் நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

செக்கானூரணி தாண்டி எங்கள் அப்பத்தா ஊருக்குப் போகிற வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. நீகூட ஒரு பொங்கல் லீவில் என்னோடு வந்தபோது அதன்மேல் ஏறி உட்கார்ந்து திட்டு வாங்கினாய். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு பலகைக் கல்லைக் குறுக்கே போட்டிருக்கும். அப்பத்தா கத்தரிக்காய்க் கூடையைச் சுமந்து உசிலம்பட்டிச் சந்தைக்குப் போகும்போது அங்கே நிற்பார். முழங்காலை லேசாக மடக்கித் தலையைச் சாய்த்தால் கூடை தானாகக் கல்லுக்கு நகரும். சும்மாட்டை எடுத்து உதறி, அதே துணியால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார். அந்தத் துணி ஈரமாகிக் கருத்துப்போயிருக்கும். சும்மாடு அழுத்தின இடத்தில் தலைமுடி வட்டமாகப் படிந்து கிடக்கும், அதை விரலால் கோதிவிடுவார். அப்புறம் எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் நிற்பார்.

அந்தக் கல் ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது என்று சின்ன வயசில் கேட்டேன். தரையில் இறக்கினால் திரும்பத் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும், வழியில் ஆளுக்கு எங்கே போவது என்றார். கூடை அங்கேயேதான் இருந்தது, சந்தையும் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் கூடையின் பாரம் முழுவதும் கல்லின்மேல் இருந்தது, அப்பத்தாவின் கழுத்தில் இல்லை. என்னிடத்தில் வாருங்கள் என்று ஆண்டவர் கூப்பிட்டதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அவர் உடனே நுகத்தைப் பற்றியும் பேசுகிறார், தம் சுமை இலகுவானது என்கிறார். சுமையே இராது என்று அவர் சொல்லவே இல்லை. உன் மாமியாரின் படுக்கை, மகனின் கடன், இதெல்லாம் நாளைக்கும் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் அதை நீ தலையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

கர்ப்பத்தோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நடுவார்கள் என்று உனக்குத் தெரியும். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன பாரத்தை வழிப்போக்கர்கள் இறக்கி வைக்கட்டும் என்று. அழுதுகொண்டிருந்த ஒரு வீடு, முகம் தெரியாதவர்களுக்காகக் கல் நட்டிருக்கிறது. இப்போதெல்லாம் அதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இன்னொரு விஷயமும் என்னை விடாமல் அரித்தது. 1834ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் காலராவிலும் காய்ச்சலிலும் பலரைப் பறிகொடுத்துவிட்டு, 1845ல் கோடைக்கானலில் வீடு கட்டினார்கள். உடம்பும் மனசும் தேற அவர்களுக்கு அந்தக் குளிர் தேவைப்பட்டது, தப்பில்லை. ஆனால் ரோடு வருவதற்கு முன்னால் அவர்களை டோலியில் வைத்து மலைமேல் தூக்கிக்கொண்டு போனது நம் ஊர்க்காரர்களின் தோள். உபாகமத்தில் ஓய்வுநாள் கட்டளை, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போல இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் ஓய்ந்திருக்க, என் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்கா காலை ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்தார். இப்போது ஞாயிறு அவருக்கும் சம்பளத்தோடு லீவு. பாத்திரம் திங்கள்வரை கிடக்கும், கிடக்கட்டும். உனக்கும் இது பொருந்தும். வாரத்தில் ஒரு நாள் மாமியாரைப் பார்த்துக்கொள்ள உன் நாத்தனாரைக் கூப்பிடு. கேட்பதற்குக் கூச்சப்படாதே. நீயும் அந்தக் கட்டளைக்குள் இருக்கிறவள்தான்.

ராத்திரி விழிப்பு வந்தால் நான் செய்கிறதைச் சொல்கிறேன். மணி பார்ப்பதில்லை. 23ஆம் சங்கீதத்தில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வேன். பாதி வரிக்கு மூச்சை இழுத்து, மீதி வரிக்கு மெதுவாக, ரொம்ப மெதுவாக விடுவேன். மூச்சு விடுவது நீண்டால் நெஞ்சின் படபடப்பு அடங்கும் என்று டாக்டரம்மாவும் சொன்னார். வார்த்தையே வராத ராத்திரிகளில் 88ஆம் சங்கீதம். அது தொடக்கத்திலிருந்து கடைசிவரை புலம்பல்தான், கடைசி வரியிலும் வெளிச்சம் இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்பதே எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது. இல்லாமல் போய்விடலாம் என்ற அந்த நினைப்பு மறுபடி வந்தால் தனியாக இருக்காதே, உன் வீட்டுக்காரரை எழுப்பு. எனக்கு எத்தனை மணிக்கானாலும் போன் பண்ணு. எங்கள் யாரையும் பிடிக்க முடியாவிட்டால் 14416க்குக் கூப்பிடு. அரசாங்கத்தின் இலவச எண், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை இப்போதே உன் போனில் போட்டு வை.

வெள்ளிக்கிழமை காலை திருமங்கலத்தில் பஸ் ஏறுகிறேன். பத்து மணிக்குள் கோவில்பட்டி வந்துவிடுவேன். உன் வீட்டுக்காரரிடம் சொல்லி அன்றைக்கு டாக்டரிடம் டோக்கன் போட்டு வைத்திருக்கிறேன், நாம் இரண்டு பேரும் சேர்ந்து போவோம். ஞாயிறு சாயங்காலம்வரை இருப்பேன். எனக்காக எதுவும் சமைக்காதே, வீட்டைப் பெருக்கித் துடைக்காதே. அரிசியும் பருப்பும் வீட்டில் இருக்கிறதல்லவா, நான் வந்து ஊறப்போடுகிறேன். ராத்திரி அடை சுடுகிறேன், நீ படுத்திரு, சுட்டதும் எழுப்புகிறேன்.

என்றும் உன் அன்பான
ஹாஸ்டல் தோழி