லுக்ரீஷியஸை நாத்திகர் என்று சொல்லிவிட்டால் போதுமா?

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் லுக்ரீஷியஸ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ரோமானியக் கவிஞருக்கு இவ்வளவு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் தலைப்பிலேயே நாத்திகர் என்று முத்திரை குத்திவிட்டீர்களே, அதுதான் இடிக்கிறது.

கடவுள்கள் இல்லை என்று அந்த மனிதர் எங்கேயும் சொல்லவில்லை. இயற்கையைப் பற்றி எழுதிய ஆறு பாகமுள்ள நீண்ட கவிதையைத் தொடங்குவதே வீனஸ் தேவியை வணங்கித்தான். கிரேக்கத் தத்துவஞானி எபிக்யூரஸிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது இது: கடவுள்கள் உண்டு, ஆனால் காற்றும் பனியும் தொடாத எங்கோ ஓரிடத்தில் நிம்மதியாக இருக்கிறார்கள், இந்த உலகத்தை அவர்கள் செய்யவும் இல்லை, நடத்தவும் இல்லை, நம்முடைய நல்லது கெட்டதும் அவர்களைத் தொடாது. அப்படிப்பட்ட கடவுளிடம் பயம் எதற்கு, வேண்டுதல் எதற்கு என்றுதான் கேட்கிறார்.

ஆறாம் பாகத்தில் இடி மின்னலைப் பற்றி வரும் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வது போலக் கேட்டுக்கொண்டே போகிறார். பாவிகளைத் தண்டிக்கத்தான் ரோமானியர்களின் தலைமைக் கடவுளான ஜூப்பிட்டர் இடியை எறிகிறார் என்றால் குற்றம் செய்தவன் தப்பி நிற்க, ஒன்றும் அறியாதவன் மேல் ஏன் விழுகிறது? ஆளில்லாத இடத்திலும் கடலிலும் எறிந்து ஏன் வீணாக்குகிறார், கைக்குப் பயிற்சியா? வானம் தெளிவாக இருக்கும்போது ஏன் ஒரு தடவைகூட எறிவதில்லை? கடைசியில், தன் கோயிலையே ஏன் இடிக்கிறார்? படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் பலி என்று வந்துவிட்டால் அந்தக் கிண்டல் போய்விடுகிறது. கப்பல்கள் கிளம்ப வேண்டும் என்பதற்காக ஔலிஸ் துறைமுகத்தில் கிரேக்க மன்னன் அகமெம்னன் தன் மகளைப் பலி கொடுத்த கதையைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. கவிதையில் அந்தப் பெண் பலிபீடத்தருகே அப்பா நிற்பதைப் பார்க்கிறாள், பக்கத்தில் இருப்பவர்கள் கத்தியை மறைப்பதைப் பார்க்கிறாள், கல்யாண வயதில் இருப்பவளை நடுங்க நடுங்கத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மதம் இவ்வளவு கொடுமையைச் செய்ய வைத்ததே என்று அவர் சொல்வது அதற்கு அப்புறம்தான். இரண்டாம் பாகத்தில் இன்னொரு இடம், பலியான கன்றைத் தேடி ஒரு தாய்ப்பசு குளம்புத் தடத்தைப் பார்த்துப் பார்த்துக் காடெல்லாம் அலைகிறது, புல்லும் வேண்டாம், ஆறும் வேண்டாம், வேறு கன்றுகளும் வேண்டாம், திரும்பத் திரும்பத் தொழுவத்துக்கே வந்து பார்க்கிறது. இதை எழுதியவரைக் கடவுள் மறுப்பாளர் என்ற ஒரே பெட்டியில் போட்டு மூட எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் கட்டுரையில் வந்த அந்த வசிய மருந்துக் கதை. லுக்ரீஷியஸ் மருந்து குடித்துப் பித்துப் பிடித்து, இடையிடையே தெளிந்தபோது எழுதினார், பிறகு தற்கொலை செய்துகொண்டார் என்பதெல்லாம் ஜெரோம் என்ற கிறிஸ்தவத் துறவி நானூறு வருடத்துக்கும் மேல் கழித்து எழுதி வைத்தது. கவிஞர் வாழ்ந்த காலத்தில் யாரும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை. கி.மு. 54-இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் லுக்ரீஷியஸின் கவிதையைப் பாராட்டுகிறார், பித்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நடந்த சம்பவம் மாதிரி அதைப் போட்டிருக்க வேண்டாம்.

கட்டுரை தொடாமல் விட்டது கவிதையின் கடைசிப் பகுதியை. ஏதென்ஸில் கொள்ளை நோய், கோயில்களிலேயே பிணங்கள் குவிகின்றன, கடவுளை யாரும் மதிப்பதில்லை, அடுத்தவர் அடுக்கிய சிதையில் தங்கள் வீட்டுப் பிணத்தை வைத்து ரத்தம் வரச் சண்டை போடுகிறார்கள். பயம் போனால் நிம்மதி வரும் என்று ஆறு பாகமும் சொல்லிக்கொண்டு வந்தவர், தெய்வ பயம் போயே போன ஓர் ஊரைக் காட்டிவிட்டு அங்கேயே நிறுத்திவிடுகிறார். முடிக்காமல் போனதா, வேண்டுமென்றே நிறுத்தியதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வேண்டுமென்றே என்பதுதான் என் கட்சி. கட்டுரையாளர் என்ன நினைக்கிறார் என்று அடுத்த இதழில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்