மாப்பிள்ளை, அன்றைக்கு நீ கேட்டதற்குப் பதில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன வாரம் படம் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "மாமா, நிஜமாவே இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாய். "கிட்டத்தட்ட" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். நீ பட்டாளத்தில் சேரும் யோசனையில் இருக்கிறாய் என்று அக்கா சொன்னதிலிருந்து அந்த ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நாம் பார்த்தது 'சேவிங் பிரைவேட் ரையன்'. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று, அமெரிக்கப் படை பிரான்ஸின் ஒமாகா கடற்கரையில் இறங்கும் காட்சியில் நீ மூச்சுகூட விடவில்லை. எனக்கும் மிகவும் பிடித்த காட்சி அது. குண்டு வெடித்ததும் கேப்டனுக்குக் காது அடைத்து, தண்ணீருக்குள் மூழ்கியதுபோல் எல்லாம் மங்கிப்போகுமே, அது அப்படியே உண்மை. எனக்கு இடது காதில் இன்றும் ஒரு ரீங்காரம் ஓயாமல் கேட்கும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்குத் துப்பாக்கி முனைக்குப் பக்கத்தில் இருப்பது இடது காது.

ஆனால் மற்ற பல படங்களில் சண்டை நடுவே நண்பர்கள் நிதானமாகப் பேசிக்கொள்கிறார்களே, அது நடக்காது. கையைக் காட்டுவோம், தோளைத் தட்டுவோம், தொண்டை கிழியக் கத்துவோம். அப்புறம் படங்களில் வரும் அந்த ஓயாத துப்பாக்கிச் சூடு! 30 தோட்டா போட்ட மேகசின் தொடர்ந்து சுட்டால் மூன்றே விநாடியில் தீர்ந்துவிடும். அடுத்ததை நீதான் சுமந்து வந்திருக்க வேண்டும். முதுகில் 30 கிலோவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுகிறவனுக்கு ஒவ்வொரு தோட்டாவும் கணக்கு.

இதெல்லாம் சின்ன விஷயம். நான் உனக்குச் சொல்ல வேண்டியது காத்திருப்பைப் பற்றி. 17 வருடச் சேவையில் என்னை நோக்கி யாராவது சுட்டது இரண்டே முறை. இரண்டையும் சேர்த்தால் அரை மணி நேரம் வராது. மற்ற நாளெல்லாம் துப்பாக்கியைத் துடைத்தேன், பள்ளம் தோண்டினேன், நள்ளிரவு 2 மணியிலிருந்து 4 மணி வரை சென்ட்ரிக் காவல் நின்று இருட்டைப் பார்த்தேன்.

இதைக் காட்டத் துணிந்த படம் 'ஜார்ஹெட்'. 1991 வளைகுடாப் போருக்குப் போகும் ஒரு ஸ்னைப்பர் (தொலைவில் மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுகிறவன்), பாலைவனத்தில் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறான். தரைப்போரோ 100 மணி நேரத்தில் முடிந்துபோகிறது. கடைசியில் ஒரே ஒரு இலக்கு கிடைக்கும்போது, விமானத் தாக்குதல் வருகிறது, சுடாதே என்று அதிகாரி தடுத்துவிடுகிறார். கூட இருப்பவன் கதறுகிறான். அந்தக் கதறல் எனக்குப் புரிந்தது. அது புரிந்ததே எனக்குப் பயமாகவும் இருந்தது.

அதே படத்தில் போருக்குக் கிளம்பும் முன் எல்லோரும் உட்கார்ந்து 'அப்போகலிப்ஸ் நவ்' என்ற வியட்நாம் போர்ப் படத்தைப் பார்ப்பார்கள். ஹெலிகாப்டர்கள் கிராமத்தைத் தாக்கும் காட்சிக்கு அரங்கமே ஆர்ப்பரிக்கும். நாங்களும் அப்படித்தான் ஆர்ப்பரித்தோம். உன் வயதில் நான் பெயர் கொடுத்ததற்கும் ஒரு படம்தான் காரணம். அதனால்தான் அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியவில்லை.

'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' படத்தில் பயிற்சி கொடுப்பவராக வரும் ஆர். லீ எர்மி, நிஜத்திலும் அமெரிக்க மரைன் படையில் அதே வேலை பார்த்தவர். கத்தல் அச்சு அசல்.

என் நண்பன் ஒருவனைப் பற்றி உன்னிடம் சொன்னதே இல்லை. அவன் சண்டையில் சாகவில்லை. மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து போனான். அவன் பெட்டியைத் திறந்து சாமான்களை எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. சாக்ஸ் இரண்டு ஜோடி, ஷேவிங் செட், என்னிடம் இரவல் வாங்கிய டார்ச் லைட். அந்த டார்ச்சைப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

ஒரே ஒரு படம் பார் என்றால் 'தாஸ் போட்' என்பேன். 1981இல் வந்த ஜெர்மன் படம். மூன்றரை மணி நேரம் ஓடும் பதிப்பைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நீர்மூழ்கிக் கப்பல், ஐம்பது பேர் வரை, பயன்படுத்த ஒரே கழிப்பறை; இன்னொன்றில் உணவு அடைத்திருக்கும். ஒருவன் எழுந்த படுக்கையில் அடுத்தவன் போய்ப் படுக்கிறான். நடிகர்களை வெயில் படாமல் வைத்திருந்து, கதை நடக்கும் வரிசையிலேயே படம் பிடித்தார்கள். அதனால் தாடி வளர்வதும் முகம் வெளிறுவதும் கண்ணெதிரே நடக்கும். தலைக்கு மேலே எதிரிக் கப்பல் போகும்போது, ஒன்றும் செய்ய முடியாமல் எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். நான் கழித்த இரவுகளுக்கு அவ்வளவு பக்கத்தில் வேறெந்தப் படமும் வந்ததில்லை. இத்தனைக்கும் நான் கப்பலில் கால் வைத்தவனே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் ஏறக்குறைய 30,000 பேர் திரும்பவில்லை.

சேராதே என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எனக்குக் கிடைத்த நண்பர்கள் வேறெங்கும் கிடைத்திருக்க மாட்டார்கள். முடிவு உன்னுடையது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அந்தப் படத்தைச் சேர்ந்து பார்ப்போம். முடிந்ததும் எதை வேண்டுமானாலும் கேள். இந்த முறை எழுந்து போக மாட்டேன்.

அன்புடன்,
மாமா