பாட்டியும் நான்கு ரப்பர் மரங்களும்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. மகள் சிரம்பானுக்கு மாற்றலாகிப் போனதை நினைத்து வருந்தாதே. கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தானே. இங்கே மழை விட்டபாடில்லை. நம் லயம், அந்தத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு, இருந்த இடத்தில் இப்போது செம்பனைதான், எண்ணெய்க்காக வளர்க்கும் பனை.

மாலை வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். கோயில் மண்டபத்தில் ஐந்தாம் படிவப் பிள்ளைகள் பதினொரு பேர் வருகிறார்கள். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். நெருங்குகிறது. போன வாரம் ஆங்கிலத்தில் ஒப்பிட உதவும் இணைப்புச் சொற்களைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: 'மை கிராண்ட்மதர் லவ்ஸ் தி ரப்பர் ட்ரீஸ் மோர் தேன் மீ.'

எனக்குப் பகீரென்றது. பேத்தியைவிட மரங்கள்மீதா பாசம்? கூப்பிட்டுக் கேட்டேன். "இல்லை சார், எனக்கு மரங்கள்மேல் இருக்கும் பாசத்தைவிடப் பாட்டிக்கு அதிகம்" என்றாள். பாட்டி முப்பது ஆண்டுகள் ரப்பர் மரத்தில் பால்வெட்டியவர். தோட்டத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகும், வேலியோரம் மிஞ்சிய நான்கு மரங்களை இன்றும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாராம். 'தேன் ஐ டூ' என்று முடிக்கச் சொன்னேன். அந்தச் சின்ன வினைச்சொல் வந்ததும் சந்தேகம் போய்விட்டது.

'தேன் மீ' என்று எங்கே கண்டாலும் சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 'ஹி இஸ் டாலர் தேன் மீ' (அவன் என்னைவிட உயரம்) என்று ஆங்கிலேயர்களே பேசுகிறார்கள். அதில் குழப்பம் எதுவும் இல்லை. பொருள் இரண்டாகப் பிரியும் இடத்தில்தான் வினை தேவை. தமிழில் மட்டும் என்ன? 'என்னைவிடப் பாட்டி மரங்களை அதிகம் நேசிக்கிறார்' என்றாலும் இரண்டு பொருள்தானே!

'டாலர்' என்று மாற்றாமல் 'ஹி இஸ் டால் தேன் மீ' என்று எழுதும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதும் அநியாயம். தமிழில் 'விட' வந்தாலே போதும், உயரம் உயரமாகவே இருக்கும். மலாயிலும் 'லெபிஹ் திங்கி டாரிபாடா' (விட அதிக உயரம்) என்கிறோம், 'உயரம்' என்னும் 'திங்கி' உருமாறுவதில்லை. 'அதிகம்' என்னும் அந்த 'லெபிஹ்' ஆங்கிலத்துக்குள் நுழைந்து 'மோர் டாலர்' ஆகிறது. மூன்று மொழிகளைச் சுமக்கும் பிள்ளைகள் அப்பா இவர்கள்! மலாயில் 'டாரி'யையும் (இடத்திலிருந்து) 'டாரிபாடா'வையும் (விட) பிரித்து எழுதுகிறவர்களுக்குத் 'தேன்' (விட), 'தென்' (பிறகு) வேறுபாடும் வசப்படும். ஆங்கிலத்திலேயே அவை ஒரு காலத்தில் ஒரே சொல்லாக இருந்தவைதாம்.

'லைக்', 'ஆஸ்' இன்னும் சிக்கல். 'அம்மாவைப் போல', 'நான் சொன்னதுபோல' இரண்டுக்கும் நமக்கு ஒரே 'போல'. பின்னால் எழுவாயும் வினையும் வந்தால் தேர்வில் 'ஆஸ்' எழுதுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். 1954இல் வின்ஸ்டன் சிகரெட் விளம்பரத்தில் அந்த இடத்தில் 'லைக்' வந்ததற்காக அமெரிக்காவில் பெரிய சர்ச்சையே நடந்தது.

தைப்பூசத்துக்கு ஈப்போ வந்தால் இங்கேயும் வா. அந்தப் பாட்டி உன் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் பால்வெட்டியவராம். நீ வரப்போவதாக அவரிடம் சொல்லட்டுமா?

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்