பத்து நாள் தாண்டினால் என்ன?

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்ததும்தான் நிம்மதி. பெரியவள் வேலையில் சேர்ந்ததில் ரொம்பச் சந்தோஷம், என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். இவருக்கு மட்டும் முழங்கால் வலி விட்டு விட்டு வருகிறது. நடக்கச் சொன்னால் கேட்பதில்லை.

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, ஆன்லைனில் வாங்கிய அந்த பிபி மெஷின் விஷயம், அதுதான் மனசை விட்டுப் போகவில்லை. ஒரு தடவை 168 காட்டுகிறது, கையை அசைக்காமல் அப்படியே மறுபடி பார்த்தால் 121. இந்த எண்ணைப் பார்த்துத்தானே அம்மாவுக்கு மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டர் சொல்வார்? நீயோ, 'பத்து நாள் தாண்டிவிட்டது, இனி திருப்பி எடுக்க மாட்டார்களாம், போகட்டும்' என்று எழுதியிருக்கிறாய். போகட்டும் என்று விடக்கூடிய விஷயமா இது?

அந்தப் பத்து நாள் கணக்கு அந்த வலைத்தளம் தானாக வைத்துக்கொண்டது. நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்று மனம் மாறித் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு அது பொருந்தலாம். பொருளே பழுது என்றால் கதை வேறு. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், பழுதான பொருளையோ போலிப் பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற மறுக்கவும் பணத்தைத் தர மறுக்கவும் விற்பனையாளருக்கு உரிமை இல்லை என்கின்றன. அந்த விதியில் ஏழு நாள், பத்து நாள் என்ற பேச்சே இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம் என்கிறது. பத்து நாள் எங்கே, இரண்டு வருஷம் எங்கே!

'பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா' என்று கேட்டு உன் வாயை அடைத்திருக்கிறார்கள். வீடியோ இருந்தால் நல்ல ஆதாரம், சரி. ஆனால் அது இல்லாவிட்டால் உரிமை போய்விடும் என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. உன்னுடைய பிரச்சினைக்கு அது தேவையும் இல்லை. மெஷினைக் கையில் கட்டி, அடுத்தடுத்து வரும் எண்கள் தெரிகிற மாதிரி இப்போது ஒரு வீடியோ எடு. டாக்டரிடம் கொண்டுபோய் அவருடைய கருவியோடு ஒப்பிட்டு, அவரை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல். அதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

அடுத்து அவர்கள் சொல்லியிருப்பது, 'நாங்கள் விற்கவில்லை, வெறும் இடைத்தரகர்தான்.' இதைத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. விளம்பரம் அவர்களுடையது, பணம் போவது அவர்கள் கணக்குக்கு, பெட்டியில் ஒட்டியிருக்கும் டேப்பில்கூட அவர்கள் பெயர்தான். பொருள் பழுது என்றால் மட்டும் யாரோ ஒருவர் பக்கம் கையைக் காட்டுவார்கள். பழுதுக்கு முதல் பொறுப்பு விற்றவருடையது என்பது உண்மைதான். ஆனால் தளத்துக்கும் கடமைகள் இருக்கின்றன. குறைதீர்ப்பு அலுவலர் என்று ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். நீ சாட்டில் பேசிய பையனோ பெண்ணோ அந்த அலுவலர் இல்லை, மல்லிகா. பாவம், அவர்களுக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் திருப்பிச் சொல்ல முடியும்.

2022இல் தரச்சான்று இல்லாத பிரஷர் குக்கர்களைத் தங்கள் தளத்தில் விற்க விட்டதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய தளங்களுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து உத்தரவு போட்டது. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் சொன்னது. இடைத்தரகர் என்று சொல்லிவிட்டால் எல்லாவற்றிலிருந்தும் தப்பித்துவிடலாம் என்று இல்லை.

பில்லை எடுத்துப் பார். தளத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் விற்பனையாளர் என்று வேறு ஒரு பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் இருக்கும். உன் எதிராளி அவர்தான். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் வாங்கிய ஹெட்போன் ஒரு காதில் மட்டும்தான் கேட்டது. புகார் சொல்லப் போனால் அந்த விற்பனையாளரின் பக்கமே காணவில்லை. வாங்கியவர் எழுத்தில் கேட்டால் விற்றவரின் தலைமை அலுவலக முகவரி உள்ளிட்ட விவரங்களைத் தளம் தந்தாக வேண்டும் என்று விதியில் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி எழுதச் சொன்னேன். முகவரி வந்தது, அப்புறம் பணமும் வந்துவிட்டது.

உனக்கும் அப்படி முடிந்தால் நல்லது. இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது. ஆனால் புகாரை நேராக நிறுவனத்துக்குக் கொண்டுபோவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீ குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த வசதி கிடையாது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில், முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும். அந்த அலைச்சலை நினைத்துத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறோம், அதை நம்பித்தான் பழுதான பொருளை விற்பவரும் தைரியமாக விற்கிறார். இதே மெஷின் இன்னும் எத்தனை வீட்டில் இப்படித் தப்பு எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

அதனால் இன்றைக்கே குறைதீர்ப்பு அலுவலருக்கு மெயில் போடு. ஆர்டர் எண், வாங்கிய தேதி, என்ன பழுது, உனக்குப் பணம் வேண்டுமா வேறு மெஷின் வேண்டுமா, இவ்வளவு எழுதினால் போதும். பணத்தையே கேள் என்பேன் நான். சாட்டில் பேசியதையும் அந்த மெஷினின் விளம்பரப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, பக்கத்தை எப்போது மாற்றுவார்கள் என்று சொல்ல முடியாது. புகாருக்கு டிக்கெட் எண் ஒன்று தருவார்கள், அதை எனக்கும் அனுப்பு. பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போட்டுவிடாதே. அதுவரை அம்மாவுக்கு அந்த மெஷினில் பார்க்க வேண்டாம், டாக்டரிடமே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன்.

அன்புடன்,
கமலா