கல்லீரல் தட்டைப்புழு நோயை மனிதரிடம் கண்டறிய பி.சி.ஆர். பரிசோதனை கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கால்நடை உதவி மருத்துவர்,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் கல்லீரல் தட்டைப்புழுவுக்கு மரபணுப் (பி.சி.ஆர்.) பரிசோதனை தொடங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தாடைக்கடியில் நீர் கோத்து, கழிந்து, இளைத்துப்போகும் மாட்டைக் கண்டால் நாங்கள் முதலில் சந்தேகிப்பது தட்டைப்புழுவைத்தான். வாய்க்கால் நத்தையில் வளர்ந்து நீரோரப் புல்லிலும் கீரையிலும் ஒட்டிக்கொள்ளும் அதே புழு மனிதரையும் தொற்றும். கரையோர வல்லாரையைப் பறித்துப் பச்சையாக மெல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. உலகில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு இத்தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நம் நாட்டில் பதிவானவர்கள் மிகக் குறைவு. தேடிப் பார்க்கும் வசதி அரிதாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம் என்றே உறுதியாகக் கருதுகிறேன்.

தொற்றிய பின் மூன்று நான்கு மாதங்கள் மலத்தில் முட்டையே வராது. குஞ்சுப்புழு கல்லீரலைத் துளைத்துச் செல்வதும் அப்போதுதான். காய்ச்சல் வரும், வலது விலாவுக்குக் கீழ் வலிக்கும், ரத்தத்தில் ஈசினோபில் என்னும் வெள்ளை அணுக்கள் ஏறும். ஸ்கேனில் சீழ்க்கட்டியாகவோ புற்றுநோயாகவோ தோன்றி, சிகிச்சை திசைமாறிவிடும். பிறகு முட்டை வந்தாலும் சொற்பமாகவே வருவதால் நுண்ணோக்கியில் தப்பிவிடுகிறது. அந்தச் சொற்ப முட்டையின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காட்டுவது பி.சி.ஆர்.

கொரோனா காலத்து ஆர்.டி.-பி.சி.ஆர். கருவிகள் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கின்றன. இதற்குரிய ப்ரைமர்களும் (இப்புழுவின் டி.என்.ஏ.வை மட்டும் அடையாளம் கண்டு பெருக்க உதவும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) பயிற்சியும் கொடுத்தால் தொடங்கிவிடலாம். ஒப்பீட்டுக்குத் தேவையான புழுவை இறைச்சிக்கூடத்து ஈரல்களிலிருந்து எடுத்துத் தர ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியைக் கேட்டுக்கொள்ளலாம். ஈசினோபில் மிகுந்து, கல்லீரலில் காரணம் தெரியாத கட்டியுள்ள நோயாளிகளை முதலில் பரிசோதிக்க வேண்டுகிறேன். முட்டை வராத ஆரம்பக் கட்டத்துக்கு ரத்தத்தில் புழுவுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருளைக் காட்டும் எலிசா பரிசோதனையும் உடன் தேவை. பார்மலினில் போட்ட மலத்தில் டி.என்.ஏ. சிதைந்துவிடும், மாதிரியை ஆல்கஹாலில் வைத்து அனுப்புமாறு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

பள்ளிகளில் குடற்புழு நீக்கத்துக்குத் தரும் அல்பெண்டசோலை இந்தப் புழுவுக்கு நம்ப முடியாது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது ட்ரைக்ளாபெண்டசோல். நோய் உறுதியானவர்களுக்கு அம்மருந்தை அரசே வரவழைத்து இலவசமாக வழங்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

நகல்: மாவட்ட ஆட்சியர், தஞ்சாவூர்.