85க்குப் பக்கத்தில் ஒரு 4

அன்புள்ள புஷ்காஷ்,

ஹங்கேரியின் கால்பந்து நாயகன் நீங்கள். உங்கள் ஊரார் உங்களை 'ஓச்சி' என்றே கூப்பிட்டார்கள். தமிழில் சொன்னால் தம்பி. 1927இல் பிறந்தவரைத் தம்பி என்று அழைக்க வாய் வரவில்லை. ஐயா என்றால் நீங்கள் எங்கோ தள்ளிப் போய்விடுகிறீர்கள். பெயரையே எழுதிவிடுகிறேன்.

இன்று நவம்பர் 17, நீங்கள் உலகை விட்டுப் போன நாள். 1953இல் வெம்ப்ளியில் இங்கிலாந்தை வென்றதையும் 1954 உலகக் கோப்பையின் பெர்ன் இறுதி ஆட்டத்தையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பேச வேண்டியது, நீங்கள் ஸ்பெயினுக்காக ஆடிய சிலி உலகக் கோப்பை பற்றி. 1962 ஜூன் 6, வின்யா டெல் மார், பிரேசிலுக்கு எதிரான ஆட்டம்.

பெலே காயத்தில் வெளியே. அடெலார்டோ போட்ட கோலில் ஸ்பெயின் 1-0 முன்னிலை. வலப் பக்கம் ஸ்பெயினின் கொயார் பந்தோடு பெனால்டி பாக்ஸுக்குள் நுழைகிறார், பிரேசிலின் நில்டன் சாண்டோஸ் வீழ்த்துகிறார். வீழ்த்தியது கோட்டுக்கு உள்ளே. கையை உயர்த்தியபடி சாண்டோஸ் இரண்டு அடி எடுத்து வைத்து வெளியே வந்து நின்றுகொள்கிறார். எட்ட இருந்த நடுவர் அவர் நின்ற இடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். பெனால்டி, ஃப்ரீ கிக் ஆகிவிட்டது. அதை அடிக்க வந்தவர் நீங்கள்.

அந்த இரண்டு அடியின் விலை என்ன? பெனால்டி புள்ளியில், 11 மீட்டரில் நின்றால், இரு கம்பங்களுக்கும் நடுவே 37 பாகை திறப்பு இருக்கிறது. எதிரே ஒரே ஆள். பாக்ஸின் மூலையில் பந்தை வைத்தால் அதே கோல் 10 பாகையாக ஒடுங்கிவிடும். அதிலும் பாதியை 9.15 மீட்டரில் நிற்கும் எதிரணி ஆட்களின் சுவர் மறைத்துக்கொள்ளும். வலப் பக்கத்திலிருந்து இடதுகால் அடித்தால் பந்து கோலை நோக்கி உள்ளே வளையும், உண்மைதான். ஆனால் நேராகக் கோலுக்கு அடிக்க அங்கே இடமில்லை. யார் தலைக்காவது, காலுக்காவது தூக்கித்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் தூக்கிக் கொடுத்தீர்கள். உங்கள் அணியின் பெய்ரோ தலைகீழாக மல்லாந்து அடித்தார். பந்து வலைக்குள். நடுவர் அதையும் செல்லாது என்றார். பிறகு 72ஆம் நிமிடத்திலும் 86ஆம் நிமிடத்திலும் பிரேசிலின் அமரில்டோ கோல். ஸ்பெயின் மூட்டை கட்டியது.

பெனால்டி கிடைத்திருந்தால் நீங்கள்தான் அடித்திருப்பீர்கள் என்பது என் எண்ணம். ஸ்பெயின் சட்டையில் உங்கள் கணக்கு பூஜ்யமாக நின்றிருக்காது.

அந்தச் சட்டையை ஏன் போட்டீர்கள் புஷ்காஷ்? அதே நாள், அதே பிற்பகல் 3 மணிக்கு, செப்புச் சுரங்க ஊரான ரங்காகுவாவில் ஹங்கேரி அர்ஜென்டினாவோடு ஆடிக்கொண்டிருந்தது. மே 31, ஜூன் 3, ஜூன் 6: உங்கள் இரு நாடுகளும் மூன்று முறையும் ஒரே நாளில் களம் இறங்கின. அங்கே கோல் காத்தவர் உங்கள் பழைய தோழர் குரோசிச். ஆட்டம் முடிந்ததும் எந்த ஊர் ஸ்கோரை முதலில் விசாரித்தீர்கள்? உங்களை முதல் ஆட்டத்தில் 1-0 என்று வென்ற அதே செக்கோஸ்லோவாக்கியா, காலிறுதியில் ஹங்கேரியையும் 1-0 என்று அனுப்பிவைத்தது. அந்தச் செய்தி வந்தபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

கால் தளர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதே ஆண்டு மே 2 அன்று ஆம்ஸ்டர்டாமில், ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், ரியல் மாட்ரிட்டுக்காக பென்ஃபிகாவுக்கு எதிராக மூன்று கோல் போட்ட கால் அது. மாட்ரிட்டில் டி ஸ்டெஃபானோ பின்னால் இறங்கிப் பந்தை வாங்கி உங்கள் இடதுகாலுக்குத் தருவார். சிலிக்குக் காயத்தோடு வந்த அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பந்து கொண்டுவந்து தரும் ஆள் இல்லாமல், பாக்ஸுக்கருகே காத்திருக்கும் 35 வயதுக்காரரால் என்ன செய்ய முடியும்? இதை யோசிக்காமல்தான் 'கூலிக்கு ஆடிய நான்கு ஆட்டங்கள்' என்று நானும் ஒருகாலத்தில் பேசினேன். மன்னியுங்கள். முழு மன்னிப்பு என்று இதைச் சொல்ல முடியவில்லை. 1954 உலகக் கோப்பையில் ஒரு நாட்டின் கேப்டன், எட்டு ஆண்டில் இன்னொரு நாட்டின் முன்களம். அது இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இன்று அது நடக்காது. 2020இல் தளர்த்திய பிறகும் ஃபிஃபா விதி இதுதான்: முதல் நாட்டுக்கு மூன்று ஆட்டத்துக்கு மேல் கூடாது, அவையும் 21 வயதுக்கு முன், அதன்பின் மூன்றாண்டு இடைவெளி, உலகக் கோப்பைப் போட்டியில் ஆடியிருக்கவே கூடாது. உங்கள் 85 ஆட்டங்களோடு நீங்கள் விண்ணப்பத் தாளைக்கூடத் தொட முடியாது.

ஆனால் விதி எழுதியவர்களின் ஊரில் சோவியத் டாங்கிகள் நுழையவில்லை. 1956 நவம்பரில் புடாபெஸ்ட் எரிந்தபோது நீங்கள் ஹோன்வேத் என்ற ராணுவ அணியோடு ஸ்பெயினின் பில்பாவோவில் ஆடப் போயிருந்தீர்கள். உங்கள் மனைவியும் மகளும் எல்லையைக் கடந்து வந்ததைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். இதைப் பலரும் படிப்பார்கள், அது உங்கள் வீட்டு விஷயம். அன்றைய ஸ்பெயினில் யார் ஆட்சி, உங்கள் வருகை யாருக்கு வசதி என்பதையும் இதோடு விடுகிறேன். ராணுவ மேஜர் ஊர் திரும்ப மறுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் நீங்கள். திரும்ப மறுத்ததற்கு விதித்த தடையில் ஆட்டமே இல்லாமல் உடம்பு பெருத்து, 31 வயதில் மாட்ரிட் வந்து சேர்ந்தீர்கள். சோறு போட்ட நாடு கூப்பிட்டது, போனீர்கள். 25 ஆண்டு கழித்து, 1981இல்தான் மறுபடி சொந்த மண்ணை மிதிக்க முடிந்தது.

என் பட்டியலில் இத்தனை நாளும் உங்களுக்கு ஒரே வரிதான் இருந்தது. இன்று இரண்டாவதைச் சேர்த்துவிட்டேன்.

ஹங்கேரி: 85 ஆட்டம், 84 கோல்.
ஸ்பெயின்: 4 ஆட்டம், 0 கோல்.